அரக்கும் கடைசல் மரமும்

மரவேலையின் வரலாற்றை எழுதுவோர் வாளையும் உளியையும் பற்றி விரிவாக எழுதுவர். நிறத்தைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுவர். ஆயினும் ஒரு மரப்பொம்மையிற் குழந்தையின் கண் முதலிற் பற்றுவது அதன் நிறத்தையே. அந்நிறம் எதனால் ஆயது, அதனைக் கூட்டியவர் அதன் இயல்பை அறிந்திருந்தனரா என்னும் வினாக்கள் சிறியன அல்ல. அவற்றுக்கு விடை தேடின், ஒரு சிறு பூச்சியின் கதையும், இலண்டன் மாணவர் ஒருவரின் கதையும், ஆந்திர நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கதையும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காணலாம்.

பூச்சி தந்த பொருள்

புரசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒட்டி, சாறுண்டு வாழ்கின்றன. அவை சுரக்கும் பிசின் கிளையைச் சுற்றி ஓடுபோல் இறுகுகிறது. அதுவே அரக்கு. பாண்டவரை எரிப்பதற்கென்று அமைந்த அரக்கு மாளிகையைப் பாரதக் கதை கேட்டோர் யாவரும் அறிவர். எளிதில் தீப்பற்றும் இப்பொருளின் இயல்பை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதையே சான்று.

அரக்கில் இரு பொருள்கள் உள. ஒன்று செஞ்சாயம், அது நீரிற் கரையும். மற்றொன்று பிசின், அது நீரிற் கரையாது, சூட்டில் உருகும். கிளையிலிருந்து பெயர்த்த அரக்கை நீரிற் கழுவினால் சாயம் பிரியும், பிசின் எஞ்சும். துணிக்குச் சாயம் தோய்ப்போர் முன்னதை நாடினர். மரம் கடைவோர் பின்னதை நாடினர்.

கடைசல் தொழிலாளர் மரத்திற்கு நிறமூட்டும் முறை வியப்புக்குரியது. அவர் தூரிகையைத் தொடுவதில்லை. உருக்கிய அரக்கில் வண்ணத்தைப் பிசைந்து கோலாக உருட்டி வைத்துக்கொள்வர். நன்கு உலர்ந்த மரத்துண்டைக் கடைசற் பொறியிற் பூட்டிச் சுழற்றி, உளியால் உருவாக்கியபின், சுழலும் மரத்தின்மீது அக்கோலை அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பமே அரக்கை உருக்கும். உருகிய வண்ணம் மெல்லிய தோல்போல் மரத்தைப் போர்த்தும். பின்னர்த் தாழையிலையை அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவர். மலாய் நாட்டில் பாய் முடையப் பயன்படும் மெங்குவாங்கும் இத்தாழைக் குடும்பத்ததே.

இதற்கு ஏற்ற மரம் வெட்பாலை. கன்னட நாட்டுச் சென்னபட்டணத்திலும், ஆந்திர நாட்டு ஏட்டிகொப்பாக்காவிலும் பொம்மை கடைவதற்கு இதனையே கொண்டனர். தந்தம்போல் வெளுத்து, நுண்ணிய இழை கொண்டிருப்பதால் வண்ணம் அதன்மீது தெளிவாக விளங்கும். இம்மரத்தின் தாவர நூற்பெயரில் உள்ள 'டிங்டோரியா' என்னும் இலத்தீன் சொல், சாயத்திற்கு உரியது என்று பொருள்படும். இதன் இலையிலிருந்து அவுரியை ஒத்த நீலச்சாயம் எடுத்ததே அப்பெயருக்குக் காரணம். வண்ணத்தை ஏற்கும் மரம் வண்ணத்தைத் தருவதாகவும் இருந்தது.

நிலக்கரித் தாரின் வருகை

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் அரக்குச் சாயத்தை இங்கிலாந்துக்கு அனுப்பினர். கம்பளித் துணிக்குச் செந்நிறம் ஊட்ட அது மலிவான பொருளாக விளங்கியது. இவ்வாணிகத்தை வீழ்த்தியது போரன்று, ஓர் ஆய்வுக்கூடம். 1856ஆம் ஆண்டில், 18 வயதினரான வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிட்டவில்லை, ஊதாச் சாயம் கிட்டியது. நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு அடுத்த இருபது ஆண்டுகளிற் பல சாயங்கள் பிறந்தன. 1870களின் இறுதியில் மலிவான செயற்கைச் செஞ்சாயங்களும் சந்தைக்கு வந்தன.

அதன்பின் அரக்கின் நிலை தலைகீழாயிற்று. விலைபெற்ற சாயம் கழுவி வீணே கொட்டப்பட்டது. பிசினுக்கோ மதிப்பு உயர்ந்தது. மரச்சாமான் மெருகுக்கும், பின்னர்க் கிராமபோன் இசைத்தட்டுகளுக்கும் அது பெரிதும் வேண்டியிருந்தது. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்னுமிடத்தில் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியதற்கும் இப்பிசின் வாணிகமே காரணம்.

கடைசற் பட்டறைகளுக்கும் செயற்கை வண்ணப்பொடிகள் வந்து சேர்ந்தன. அவை மலிவானவை, பளிச்சென்றவை, வேலையைக் குறைப்பவை. தொழிலாளர் அவற்றை ஏற்றதிற் குற்றமில்லை. ஆனால் மஞ்சளை அரைத்தவருக்கு மஞ்சள் இன்னதென்று தெரியும். கடையில் வாங்கிய பொடியில் என்ன இருக்கிறதென்று பொம்மை கடைந்தவருக்குத் தெரியாது. இழப்பு நிறத்தில் அன்று, அறிவில் நேர்ந்தது.

ஏட்டிகொப்பாக்காவின் விடை

முன்னர்ச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஏட்டிகொப்பாக்கா, வராக நதிக்கரையில் உள்ள சிற்றூர். குழந்தைகள் பொம்மையை வாயில் வைப்பர் என்பதைக் கருதி, ஈயம் முதலிய உலோகங்களுக்கு ஐரோப்பியச் சமூகம் 1988ஆம் ஆண்டில் வரம்பு விதித்தது. ஏறத்தாழ அக்காலத்தில் ஏட்டிகொப்பாக்காவில் சி. வி. ராஜு என்பவர் தாவரச் சாயங்களை மீட்கும் பணியைத் தொடங்கினார். மஞ்சள், அவுரி, சாப்பிரா விதை முதலியவற்றிலிருந்து வண்ணம் எடுக்கத் தொழிலாளரோடு சேர்ந்து முயன்றார். நீரிற் கரையும் சாயம் நீரை ஏற்காத அரக்கோடு எளிதிற் கலவாது. அத்தடையைக் கடப்பதே பணியின் கடினமான பகுதி. ஏட்டிகொப்பாக்காப் பொம்மைகளுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதனைப் பழமைக்குத் திரும்புதல் என்று மட்டும் கூறுவது பொருந்தாது. பழமையிலும் நஞ்சு இருந்தது. அரக்கு வேலையில் மஞ்சள் நிறத்திற்கு முற்காலத்தார் அரிதாரத்தையும் கலந்தனர். அது பாடாணத்தைச் சேர்ந்தது. சாதிலிங்கம் பாதரசம் கொண்டது. அவையும் மண்ணிலிருந்து எடுத்த இயற்கைப் பொருள்களே. எனவே இயற்கை நன்று, செயற்கை தீது என்னும் எளிய தீர்ப்பை வரலாறு ஏற்பதில்லை. ஏட்டிகொப்பாக்காவிற் பழைய கைத்திறனோடு புதிய அறிவு சேர்ந்தது. பழையவற்றிலும் தீங்கற்றனவே தேர்ந்தெடுக்கப்பட்டன.

மாணவர்க்குக் கைத்தொழில் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கது ஒன்றுண்டு. மரத்துண்டுக்கு வண்ணம் தீட்டும் மாணவன், அது அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பாதி பாடமே கற்றவனாவான். இது எதனால் ஆயது, இப்பொருள் யார் கையில் சேரும் என்றும் கேட்கப் பழகிய நாளில்தான் அவன் முழுத் தொழிலாளி ஆவான்.