விழுந்த பிறகு அளந்த ஊர்

நாஞ்சில் நாடு என்று கறாராகப் பேசினால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான். ஆனால் விழுந்தவரை எழுப்பும் வைத்தியத்தின் வரலாற்றுக்கு அந்த எல்லை போதாது. மேற்கே கல்குளம், விளவங்கோடு வரை போக வேண்டும். அங்கே இன்றும் கடைத்தெருக்களில் வர்ம வைத்தியசாலைப் பலகைகளைப் பார்க்கலாம். ஆசான்மார் வழிவழியாகக் காத்துவந்த இந்தக் கலை, கணக்கில் மிகவும் கெட்டியானது. உடம்பில் 108 வர்ம இடங்கள். அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடியின் வேகத்தைக் கால், அரை, முக்கால், ஒரு மாத்திரை என்று பிரித்துச் சொல்வார்கள். இந்த இடத்தில் இந்த மாத்திரை அடி பட்டால் இத்தனை நாழிகைக்குள் இளக்க வேண்டும், தாண்டினால் கைவிட வேண்டியதுதான் என்று ஏடுகள் கெடு வைத்திருக்கின்றன. மணிக்கட்டுக்கு மேலே நூலைச் சுற்றி, அதன் நீளத்தை நோயாளியின் விரற்கடையால் அளந்து உடல்நிலையைக் கணிக்கும் மணிக்கடை நூல் என்ற முறையும் சித்த மருத்துவத்தில் உண்டு. ஆக, அளவை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இத்தனை அளந்தவர்கள் ஒரு கிழவியை நிற்கவைத்து, நடக்கவைத்து, இவள் விழக்கூடியவளா என்று ஏன் பார்க்கவில்லை? அறிவு போதாததால் அல்ல, யார் விழுந்தால் ஊர் பதறியது என்பதால்தான் என்பது என் வாதம்.

பதறியது பனையேறி விழுந்தபோது. காலில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி என்று விடியுமுன் கிளம்பி, முப்பது நாற்பது மரங்களைக் காலையிலும் மாலையிலும் ஏறி இறங்கியவன் அவன். மழை நனைத்த பனையில் கால் ஒருமுறை பிசகினால் அந்த வீட்டில் அக்கானி (பதநீர்) காய்ச்ச அடுப்பு எரியாது. அடுத்து, களரியில் அடிபட்டவன். தென்னாட்டு அடிமுறையில் பாடம் சொல்பவரும் காயத்துக்குக் கட்டுப் போடுபவரும் ஒரே ஆசான்தான். இதுதான் கவனிக்க வேண்டிய இடம். சுவடு என்னும் காலடிப் பாடம் பயிற்றும்போது அந்த ஆசான் பார்ப்பதெல்லாம் சமநிலையைத்தான்: எடை எந்தக் காலில் நிற்கிறது, திரும்பும்போது இடுப்பு தள்ளாடுகிறதா, குதிகால் தரையை விட்டு எழுகிறதா. பின்னாளில் மேல்நாட்டு மருத்துவர்கள் முதியவர்களிடம் தேடிய அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே. அந்தக் கண் இங்கே இருந்தது. அது இளைஞன் மீது மட்டும் பதிந்திருந்தது. முதியவர் விழுந்து வந்தால் ஆசான் முறிவைத் தடவிப் பார்த்தார், மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார், தைலம் கொடுத்து அனுப்பினார். எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு மறுபடி விழாமல் இருப்பது அவரவர் தலையெழுத்து.

அந்தக் காலத்தில் முதியவர்களே குறைவு, அதனால் கேள்வியே எழவில்லை என்று சொல்லக்கூடும். பாதி உண்மை. சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்குப் பெரும் காரணம் குழந்தைச் சாவுகள். பிள்ளைப் பருவத்தையும் கொள்ளைநோயையும் தாண்டியவர்களில் பலர் முதுமை கண்டார்கள். சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும் மருமக்கள் வழிக் குடும்பங்களில் மூத்த ஆண் காரணவராக அமர்ந்து சொத்தை ஆண்டதும், அந்த ஆட்சியைக் கவிமணி நையாண்டி செய்து மான்மியம் பாடியதும் முதியவர்கள் இல்லாத சமூகத்தில் நடந்திருக்க முடியாது. இருந்தார்கள், விழவும் விழுந்தார்கள். இடங்களும் அதற்குத் தோதாகவே இருந்தன. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை, உயரமான நிலைப்படி, செங்குத்தான குறுகிய மரப்படிக்கட்டு. சாதாரண வீடுகளிலும் நிலைப்படியைத் தாண்டாமல் அடுக்களைக்குப் போக முடியாது. குளிக்கக் குளம், கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் குளங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும் ஊரில் படித்துறைப் பாசி காய்வதற்கு நேரம் ஏது? ஈரச் சேலையோடு படியேறும் மூதாட்டி வழுக்கினால் அதற்கு ஏட்டில் நாழிகைக் கணக்கு இருந்தது. வழுக்குமுன் பார்க்கக் கணக்கு இல்லை.

இதை வைத்து நம் முன்னோரை மட்டம் தட்டுவதும் நியாயமில்லை. ஐரோப்பாவும் அதே கதைதான். இதே மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் சார்பில் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதை ஒட்டிய 1840-களில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க், கால்களைச் சேர்த்துவைத்து நிற்கும் நோயாளி கண்ணை மூடியதும் தள்ளாடுகிறாரா என்று பார்க்கும் சோதனையை எழுதிவைத்தார். அது முதுகுத்தண்டு நோயைக் கண்டுபிடிக்க, முதுமைக்காக அல்ல. முதியவர் விழுவதை ஆராய வேண்டிய விஷயமாக எடுத்துக்கொள்ள அங்கேயும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் ஷெல்டன் என்ற மருத்துவர் 202 பேருடைய 500 விழுகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காரணம் எழுதி 1960-இல் வெளியிட்டார். ‘வயசாச்சு, விழத்தான் செய்யும்’ என்ற பேச்சுக்கு முதல் பெரிய அடி அதுதான் என்பேன். 1986-இல் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் மூவரும் நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி உட்காரச் சொல்லி, பார்வையாலேயே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டார்கள். 1991-இல் கனடாவின் மாண்ட்ரியலில் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் அதில் ஒரு நிறுத்துக்கடிகாரத்தைச் சேர்த்தார்கள்: எழு, 3 மீட்டர் நட, திரும்பு, வந்து உட்கார், எத்தனை நொடி? உலகமெங்கும் முதியோர் மருத்துவர்கள் இன்று கையாளும் சோதனை இது. தமிழ்நாட்டில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராசன் முயற்சியால் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கான மேற்படிப்பு 1996-இல்தான் வந்தது. மேல்நாட்டுக்கும் நமக்கும் இடைவெளி அப்படியொன்றும் நூற்றாண்டுக் கணக்கில் இல்லை.

இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. அந்த நொடிக்கணக்கு அளவுகோல் நாற்காலியில் தொடங்குகிறது. கைப்பிடி உள்ள நாற்காலி, சமதரை, நேர்ப்பாதை. அது மாண்ட்ரியல் மருத்துவமனையின் உலகம். நம் மூதாட்டிகள் தரையில் உட்கார்ந்து பூத் தொடுத்தார்கள், மீன் அரிந்தார்கள், சாப்பிட்டார்கள். அவர்கள் தடுமாறியது தரையிலிருந்து எழும்போதும் நிலைப்படியைத் தாண்டும்போதும். இதற்கு நெருக்கமான சோதனை பிரேசிலிலிருந்து வந்தது. 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, ஊன்றிய ஒவ்வொரு கைக்கும் முழங்காலுக்கும் பத்து மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்த ஆய்வு 2012-இல் வெளியானது. நாஞ்சில் நாட்டுக் கிராமம் ஒன்றில் தோன்றியிருக்க வேண்டிய சோதனை அது. இப்போது யார் தரையில் உட்காருகிறார்கள், பிளாஸ்டிக் நாற்காலியும் மேல்நாட்டுக் கழிப்பறையும் வந்துவிட்டனவே என்று கேட்டால், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விழுந்தவர் கிடப்பது தரையில். பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்க, தனியாக இருக்கும் முதியவர் தரையிலிருந்து தானாக எழ முடியுமா என்பது வேறெந்தக் கேள்வியையும்விட அவசரமானது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு, மருத்துவர்களே சொல்வது. நடந்து திரும்பும் நொடிக்கணக்கு, யார் விழுவார் என்பதைத் துல்லியமாகச் சொல்வதில்லை. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதன் முன்னறியும் திறன் குறைவு என்றே முடித்தார்கள். பிறகு ஏன் அளக்க வேண்டும்? ஜோசியமாகப் பார்த்தால் தோல்விதான். அளவின் பயன் அதில் இல்லை. மேரி டினெட்டி 1988-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில் 75 வயது தாண்டிய 336 பேரில் ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விழுந்தார். ஆபத்துக் காரணி எதுவுமில்லாதவருக்கு 8 சதவீதமாக இருந்த வாய்ப்பு, நான்கும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 78 சதவீதமாக ஏறியது. தூக்க மாத்திரை, கால்பலக் குறைவு, பாதக் கோளாறு, சமநிலைக் குறை என்று நீளும் அந்தப் பட்டியலில் கைவைத்துத் திருத்தக்கூடியவை பல. நொடிக்கணக்கு கதவைத் தட்டும் வேலையை மட்டும் செய்கிறது; உள்ளே போய்த் தேட வேண்டியது மருத்துவரும் வீட்டாரும். வர்ம ஆசானின் நாழிகைக் கெடுவும் ஒருவகையில் அப்படித்தான், உடனே கைவைக்கச் சொல்லும் அவசரக் குறி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டு வாசல்வரை வருகிறார்கள். பெரும்பாலும் பக்கவாதமோ முறிவோ வந்த பிறகு; பழைய வழக்கம்தான் அரசு வண்டியில் வருகிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியும் முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. நிலைப்படி தாண்டுவதையும் தரையிலிருந்து எழுவதையும் சேர்த்து இந்த ஊருக்கான ஒரு சோதனையை அவை கூடி வகுக்கலாம். அதுவரை வீட்டில் அறுபது தாண்டியவர் இருந்தால் நீங்களே பாருங்கள். கைப்பிடி நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்காரச் சொல்லுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நில்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த முதியவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.