கரு ஒன்று, வடிவம் பல

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை முதல் குமரி வரை அரசுப் பள்ளி மாணவர்களுக்கென வகுக்கப்பட்ட திட்டம் அது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் மையத்தார் 2007-இல் வெளியிட்ட லினக்ஸ் வழங்கல் அது. அதில் பழகியவர் அடுத்த படியாக எதைத் தேர்ந்தெடுப்பது? விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது இயங்குதளத்தின் கருப்பகுதியை மட்டுமே. நினைவகம், வட்டு முதலிய உறுப்புகளை ஆள்வது அதன் வேலை. கட்டளைகளை ஏற்கும் கருவிகளும் பிற மென்பொருள்களும் சேர்ந்தால்தான் அது நமக்குப் பயன்படும். இவ்வாறு தொகுத்துத் தருவதே ‘வழங்கல்’ எனப்படும். 1993-இல் ஸ்லாக்வேரும் டெபியனும் தோன்றின. டெபியனைத் தொடங்கிய இயன் முர்டாக், தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்குப் பெயர் சூட்டினார். 2004-இல் வந்த உபுண்டுவும், நம் பாஸும் டெபியனின் கிளைகளே. ஆர்ச்சும் ஜென்டூவின் முதற்பதிப்பும் 2002-இல் வெளிவந்தன.

கரு ஒன்றே என்றால் வேறுபாடு எங்கே? மென்பொருளைச் சேர்ப்பதிலும் புதுப்பிப்பதிலும்தான். டெபியனின் நிலைத்த பதிப்பு ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும். இடையில் பெரும்பாலும் பிழைதிருத்தங்களே வரும். ஆகவே அன்றாட வேலைக்கு அது உறுதியானது. ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. புதியவை இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். வேண்டியவற்றை நாமே ஒவ்வொன்றாகத் தேர்ந்து அமைக்க வேண்டும். ஜென்டூவிலோ மூலநிரலையே நம் கணினியில் தொகுத்துக்கொள்வது வழக்கம். பெரிய மென்பொருளாயின் இதற்குப் பல மணி நேரமும் ஆகலாம்.

கடினமானதே உயர்ந்தது என எண்ணிவிடாதீர்கள். வீட்டில் இருப்பது ஒரே கணினி, பாடக்குறிப்புகளும் அதில்தான். ஒரு தவறான கட்டளை வட்டு முழுவதையும் அழித்துவிடக்கூடும். எனவே முதலில் கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். பிறகு டெபியனை நிறுவுங்கள். பாஸில் கற்ற கட்டளைகள் இங்கும் கைகொடுக்கும்; நிறுவும்போதே தமிழைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் உண்டு. அதனுள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, ஆர்ச்சை அதில் பழகிப் பாருங்கள். அங்கே எது பழுதானாலும் உங்கள் குறிப்புகளுக்குக் கேடில்லை. பழுதானதை நீங்களே கண்டறிந்து சீர்செய்யும் நாளில், நீங்கள் அடுத்த படியில் ஏறிவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.