எலியைக் காட்சிக்கு வைத்தவர்கள்

வாஷிங்டனில் அனகாஸ்டியா ஆற்றுக்கு ஒரு பக்கம் நாடாளுமன்றமும் பெரிய அருங்காட்சியகங்களும். மறுகரையில் இருக்கிற அனகாஸ்டியா பகுதியில் 1960களில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். ஆற்றைக் கடந்து அந்த அருங்காட்சியகங்களுக்குப் போனவர்கள் குறைவு. வராதவர்களைத் தேடி நாமே போவோம் என்றார், அந்த அருங்காட்சியகங்களில் பலவற்றை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் டில்லன் ரிப்ளி. அனகாஸ்டியாவில் மூடிக்கிடந்த கார்வர் சினிமா தியேட்டரில் 1967 செப்டம்பர் 15 அன்று அந்தப் பகுதிக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தது.

இயக்குநராக வந்தவர் ஜான் கினார்ட். வாஷிங்டனில் பிறந்தவர்; மத போதகர், இளைஞர்களிடையே பணி செய்தவர். அருங்காட்சியக அனுபவம் கிடையாது. இந்தத் துறையிலேயே காலத்தைக் கழித்த நான், அதைவிடச் சரியான நியமனம் இருந்திருக்க முடியாது என்றுதான் சொல்வேன். காரணம், அவர் தெருவில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டார். வீட்டுக்குள் எலித் தொல்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். 1969இல் 'எலி: மனிதன் தானே வரவழைத்த துன்பம்' என்ற கண்காட்சி வந்தது. உயிருள்ள எலிகளையே உள்ளே விட்டிருந்தார்கள். எலி எப்படிப் பெருகுகிறது, என்ன நோய் பரப்புகிறது, எப்படி ஒழிப்பது என்பதெல்லாம் அங்கே இருந்தது.

எலிக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பகுதி உருவான கதையைப் பார்த்தால் போதும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, விடுதலையான அடிமைகளுக்காக 1867இல் அங்கே 375 ஏக்கர் நிலத்தை அரசு வாங்கி, ஒரு ஏக்கர் மனைகளாகப் பிரித்து விற்றது. அதுதான் பாரி ஃபார்ம். பகலெல்லாம் நகரத்தில் கூலி வேலை; சாயங்காலம் நடந்தே வந்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டைத் திருத்தி வீடு கட்டினார்கள். 1877இல், அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃப்ரெடெரிக் டக்ளஸ் அருகிலேயே, அதுவரை கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்றிருந்த யூனியன்டவுனில் வீடு வாங்கினார். இருபதாம் நூற்றாண்டில் பாரி ஃபார்மின் குறுக்கே நெடுஞ்சாலை போட்டார்கள். அரசுக் குடியிருப்புகளும் எழுந்தன. 1950களில் ஆற்றுக்கு மேற்கே தென்மேற்கு வாஷிங்டனைப் புதுப்பிக்கிறோம் என்று இடித்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். அவர்களில் நிறைய பேர் ஆற்றைத் தாண்டி இங்கே வந்தார்கள். அவ்வளவு பேரையும் அடைத்த பகுதிக்கு எலி தானாக வந்துவிடுவதில்லை. அந்தக் கண்காட்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிட்டது. நான் அறிந்தவரை, ஒரு பகுதியின் வரலாற்றை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய அரங்கு வேறில்லை.

1987இல் அருங்காட்சியகம் ஃபோர்ட் ஸ்டாண்டன் பூங்காவில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது. பொருள்களைப் பாதுகாக்க அது நல்ல இடம்தான். ஆனால் பழைய தியேட்டர் இருந்த கடைத்தெருவை விட்டு விலகியதால், கடைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் எட்டிப் பார்க்கிற வழக்கம் அதோடு போனது. எனக்கு அது பெரிய இழப்பாகவே தெரிகிறது. கினார்ட் 1989இல் காலமானார். இன்றும் அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.