திருத்தணி போறீங்களா? மலைக்குக் கீழே இருக்கும் 1,100 ஆண்டு பழைய பல்லவர் கோயிலை மிஸ் பண்ணாதீங்க!

அரக்கோணத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் திருத்தணி. முருகனின் ஐந்தாம் படைவீடு. பலரும் மலையேறி சாமி கும்பிட்டு, பிரசாதம் வாங்கிட்டு அப்படியே ஊர் திரும்பிடுறாங்க. ஆனா, இந்த ஊரோட வயசைச் சொல்லும் கல்வெட்டு இருப்பது மலைக்குக் கீழே!

மலைக்கோயிலில் எதைக் கவனிக்கணும்?

வருஷத்தின் 365 நாளுக்கு 365 படிகள். போர் முடிந்து முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் 'தணிகை' என்ற பெயர் வந்ததா தலபுராணம் சொல்லுது. அதனாலதான் கந்த சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. சந்நிதிக்கு எதிரே மயிலுக்குப் பதிலா யானை நிற்கும். அதுவும் வெளிப்பக்கம் பார்த்தபடி. தெய்வானைக்குச் சீதனமா வந்த ஐராவதம், தேவலோகத்தைப் பார்த்து நிற்பதா ஐதீகம். 15-ம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இந்த முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கார்.

கீழே இருப்பது எந்தக் கோயில்?

நந்தி ஆற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேஸ்வரர் கோயில். 9-ம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்தில் எழுந்த சிறிய கற்றளி. கருவறையின் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். இந்த அமைப்புக்கு 'தூங்கானை மாடம்'னு பேர்.

கல்வெட்டு என்ன சொல்லுது?

இதைக் கட்டியவர் மன்னர் இல்லை, நம்பி அப்பி என்பவர். அவரைப் பாராட்டும் தமிழ் வெண்பா ஒண்ணு கல்லில் இருக்கு. அதைப் பாடியவரே மன்னர்தான்னு கல்வெட்டே சொல்லுது. கோயில் கட்டினவருக்கு அரசன் பாட்டெழுதித் தந்தது அபூர்வம்தானே!

அந்த மன்னர் என்ன ஆனார்?

அதற்கான பதிலும் பக்கத்துலயே கிடைச்சது. அரக்கோணத்துக்கு அருகே திருவாலங்காட்டில் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடு, முதலாம் ஆதித்த சோழன் அபராஜிதனை வென்று அவன் நாட்டைப் பிடித்ததைச் சொல்லுது. தொண்டை மண்டலம் சோழர் கைக்குப் போனது.

திருத்தணி ஆந்திராவில் இருந்ததா?

ஆமா. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ல் மீண்டும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

போகும்போது...

காலையிலேயே மலைக்கோயில் தரிசனத்தை முடிச்சிட்டு, இறங்கியதும் வீரட்டானேஸ்வரரைப் பாருங்க. சுவரைச் சுற்றி வந்து எழுத்துகளைக் கவனிங்க. கல்வெட்டு மேல விபூதி, எண்ணெய் தடவாதீங்க. ஒரு எழுத்து தேய்ந்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.