பறை: ஒரு சொல், பல பொருள்

‘பறை’ இரண்டெழுத்துச் சொல். அதற்குப் பொருள் மட்டும் பல. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அது அன்றாடப் பேச்சு. சங்கப் பாடல்களில் பறவையின் சிறகும் பறை; அது ‘பற’ என்ற வினையிலிருந்து வந்தது. கேரளத்தில் நெல் அளக்கும் கலத்துக்கும் அதே பெயர். தோல் கட்டிய இசைக்கருவியும் பறை. ஓசை ஒன்று என்பதால் இவை எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை ஆகிவிடாது.

இவற்றில் இழிவு எங்கே இருக்கிறது? தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் கருப்பொருளாக வைக்கிறது தொல்காப்பியம். திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் பறையைத்தான். அதற்கு இறைத்தொண்டு என்று விளக்கம் சொன்னார்கள் உரையாசிரியர்கள். மார்கழியில் அந்தச் சொல் கோயிலுக்குள் பக்தியோடு ஒலித்தது. அந்தச் சொல்லைப் பெயராகச் சுமந்த நம் மக்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

பறை அடித்ததால் பறையர் என்று கால்டுவெல் எழுதினார். அதுவே பாடமாகிப் போனது. ஆனால் பறை அடித்தவர்கள் நம்மில் ஒரு பிரிவினர் மட்டுமே என்று 1891 சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையிலேயே ஸ்டூவர்ட் குறிப்பிட்டார். பெரும்பாலோர் நிலத்தில் உழைத்தவர்கள். அயோத்திதாசப் பண்டிதரோ வேரை வேறிடத்தில் தேடினார்: வேஷப் பிராமணர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்தவர்கள், அதாவது எடுத்துச் சொன்னவர்கள், என்றார். மொழியியலாளர்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். நம் பெயருக்கு நாமே பொருள் சொல்லும் உரிமையை அவர் கையில் எடுத்தார் என்பதுதான் வரலாறு.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எம்.சி. ராஜா அந்தப் பெயரை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போராடினார். 1922இல் ‘ஆதி திராவிடர்’ வந்தது. ஒருவர் பெயரை நிமிர்த்தினார், மற்றவர் மாற்றினார். இருவரும் எதிர்த்தது ஒரே இழிவைத்தான்.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த ‘பரையா’ இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒதுக்கப்பட்ட நாடுகளை அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். நம்மூர் ஆங்கில நாளேடுகளும் கூசாமல் அச்சிடுகின்றன.

அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி எண் கொடுத்துப் பிரித்து வைக்கிறது. இழிவு என்ற பொருளைச் சேர்த்தது மொழி அல்ல, சாதி. சேர்த்ததை நீக்கும் வரை நாம் பறைந்துகொண்டே இருப்போம்.