முதுமை மறதிநோயும் தலைமுறை இணைப்பும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசம்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், ஞாபகமும் விவேகமும் பேச்சும் படிப்படியாகக் குன்றி, அன்றாடக் காரியங்களுக்கும் பிறர் துணையை நாடச் செய்யும் மூளை வியாதிகளின் தொகுதி. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது, 1906-இல் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த வகை. 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 சதவீதத்தினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இதற்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிடுகிறது.

இந்நோயினும் கொடியது, அதைச் சூழ்ந்திருக்கும் கூச்சம். தொடக்கத்தில் “வயசானா அப்படித்தான்” என்று அலட்சியம் செய்யும் குடும்பமே, பெரியவர் வழிதவறி அலையத் தொடங்கியதும் “புத்தி பேதலித்துவிட்டது” என்று ஊரார் சொல்வார்களோ என அஞ்சி, கலியாணத்துக்கும் கோயிலுக்கும் அவரை அழைத்துச் செல்வதை விட்டுவிடுகிறது. நோய்க்கு வழிகோலும் காரணங்களுள் ஒன்றாக மருத்துவ அறிஞர்கள் எண்ணுகிற தனிமை, இவ்வாறு நோயின் விளைவாகவும் ஆகிவிடுகிறது.

இராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலையும் தொடங்கிய பின்னர், ஏரிப்பாசனத்தில் உழன்ற கிராமங்களின் நித்திய கதி ஷிப்டு மணிக்கு மாறியது. இரவு ஷிப்டு முடித்துவந்த மகன் பகலில் உறங்க, மருமகளும் ஆலைக்குச் செல்ல, திண்ணையில் இருக்கும் பாட்டிக்குப் பேச்சுத்துணை இல்லை. மறுபுறம், 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத் திறக்கப்பட்ட விடுதியைப் போன்றவற்றில் வசிக்கும் வெளிமாவட்ட யுவதிகள், தங்கள் வீட்டு முதியோரை ஊரில் விட்டு வந்தவர்கள். ஒரே பிரதேசத்தில் பேரப்பிள்ளையைக் காணாத முதியோரும், தாத்தா பாட்டியைப் பிரிந்த இளையோரும் ஒருவரையொருவர் அறியாது வாழ்கிறார்கள். இவர்களை அறிமுகப்படுத்துவதே இங்கே முதற்காரியம் என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

அதற்கு முன்மாதிரிகள் உண்டு. கோவாவில் உள்ளூர்வாசிகளையே பயிற்றி, நோயாளிகளின் இல்லங்களுக்கு அனுப்பிய திட்டம், பராமரிப்போரின் மனச்சுமையைக் குறைத்ததாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஜப்பானில் 2005 முதல் பள்ளிச் சிறுவர்களுக்கும் இந்நோய் பற்றிய போதனை அளிக்கப்படுகிறது. சென்னையில், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் ஸ்தாபனம் மறதிநோய்ப் பராமரிப்பையும் மேற்கொண்டுள்ளது. ஸ்ரீபெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. கல்லூரிகள்தோறும் 1969 முதல் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்டமும் இருக்கிறது. இவற்றின் மாணவர்களை இப்பணியில் சிரத்தையுடன் ஈடுபடுத்தலாம்.

ஆயினும் இளையோர் பயிற்சியின்றிச் செல்வது தகாது. அண்மை நிகழ்ச்சிகள் முதலில் மறையவும், இளமைக்கால ஞாபகங்கள் நெடுநாள் நிற்கவும் செய்வதால், “நான் யார், தெரிகிறதா?” என்று பரீட்சிப்பதை விடுத்து, தம் பெயரைத் தாமே சொல்லி, மதகு திறந்த நாளையோ நாற்று நட்ட பருவத்தையோ பற்றிக் கேட்பதும், ஒரே கதை பலமுறை வந்தாலும் திருத்தாது செவிமடுப்பதும் அவர்கள் பழக வேண்டியவை. சந்தேகம் எழும்போது வைத்தியரை நாடுவதும் அவசியம். தைராய்டு குறைவாலும் பி12 ஜீவசத்துக் குறைவாலும் நேரும் மறதியைச் சிகிச்சையால் பெரும்பாலும் சீர்செய்யலாம். முதியோர்க்கான அரசு உதவி எண் 14567.