பரிசல் ஓட்டி (ஒகேனக்கல்)

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில், காவிரியின் பாறை இடுக்குகளினூடே பயணிகளைப் பரிசலில் அழைத்துச் செல்லும் தொழிலாளி. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்திய பரிசலுக்கு முன்பின் கிடையாது. ஒற்றைத் துடுப்பால் நீரை வளைத்து இழுத்தே அவர் திசை பிடிக்கிறார். சுழல் எங்கே, நீருக்கடியில் பாறை எங்கே என்பது அவருக்கு மனப்பாடம். இதே கரையில் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவோரும் உண்டு. அருவிக் குளியலில் உடல்வலி தீரும் என்று நம்பி வருவோர் பலர்.

பரிசல் தொழில் பருவத்தைச் சார்ந்தது. தென்மேற்குப் பருவமழையில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும். அந்நாட்களில் பரிசல் ஓட்டிகளுக்கு வருமானம் இல்லை.